பில்லோடு போகும் நாலு வரி

வண்டி அப்போதுதான் கவரைப்பேட்டையைத் தாண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கிளம்பிய அந்தச் சின்ன சரக்கு வண்டி நிறைய, வெல்டிங் முடித்து பிரைமர் அடித்த இரும்பு பிராக்கெட்டுகள். போக வேண்டிய இடம் சென்னைக்கு மேற்கே ஒரு பெரிய தொழிற்சாலை. முந்தின நாள் மாலையே பில் போட்டாயிற்று. லோடிங்குக்கு ஆள் கிடைக்காததால் பொருள் மட்டும் மறுநாள் காலையில் ஏறியது.

காலை ஒன்பது மணிக்கு யூனிட்டின் போன் அடித்தது. பேசியவர் அந்தத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மேனேஜர். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர் அன்றைக்குக் கொதித்துப் போயிருந்தார்.

"மேடம், பொருளே இன்னும் எங்க கேட்டுக்கு வரல. அதுக்குள்ள பேமென்ட் ஒரு நாள் ஓவர்டியூன்னு மெயில் வருது. உடனே கட்டுங்கன்னு போட்டிருக்கு. எங்க ஃபைனான்ஸ் ஹெட்டுக்கும் காப்பி போயிருக்கு. உங்களுக்கு வெண்டர் கோடு வாங்கிக் கொடுத்ததே நான்தான் மேடம்."

அந்த யூனிட்டின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம்தான் அவர் பேசினார். அப்படி ஒரு மெயிலை அந்தப் பெண்மணி எழுதவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அனுப்பியது, இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி வாங்கிப் போட்டிருந்த கணக்கு மென்பொருள். புதிய பார்ட்டியின் பெயரை ஏற்றும்போது 'கெடு எத்தனை நாள்' என்ற கட்டத்தை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். காலி இடத்தில் மென்பொருள் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது: பில் கிடைத்த அன்றே பணம். நினைவூட்டல் அனுப்பும் வசதியும் திறந்தே இருந்தது. விடிந்ததும், முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்த நாலு ஆங்கில வரிகளை அது அனுப்பிவிட்டது. '1 டேஸ் ஓவர்டியூ' என்று ஒருமைக்கும் பன்மைக்கும் வித்தியாசம் தெரியாத வரி அது. அதையும் மீறி, கடன்காரனிடம் பேசுகிற தொனி அதில் இருந்தது.

முதலாளி அன்று மதியமே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பொருளில் எந்தக் குறையும் இல்லை, விலையிலும் இல்லை. ஆனாலும் அடுத்த பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வர மூன்று மாதம் ஆனது.

கணக்கைப் பார்க்கும் அந்தப் பெண்மணி ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் 'அக்கவுண்ட்ஸ் மேடம்'. ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. ஒரு முழுநேரக் கணக்கருக்குச் சம்பளம் தர முடியாத சிறு யூனிட்டுகள் ஏழெட்டுக்கு முறைவைத்துப் போய்க் கணக்கு எழுதுகிறவர். வாரத்தில் மூன்று நாள் கும்மிடிப்பூண்டி, இரண்டு நாள் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாற வேண்டும். திருவள்ளூர் தனி மாவட்டமான 1997-ல் ஒரு ரோலிங் மில்லின் ஆபீசில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். கையில் பி.காம். பட்டமும் டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழும் இருந்தன.

அந்தக் காலத்து பில், புத்தகமாக இருந்தது. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுத வேண்டும். கலால் வரி இருந்த நாட்கள் என்பதால், பொருள் கேட்டை விட்டு வெளியேறும் தேதியோடு நேரத்தையும் குறிக்க வேண்டும். எழுதி முடித்ததும் முதலாளி ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் வண்டி நகரும்.

பில் புத்தகம் அடித்துத் தந்த அச்சகமும் தன்னிடம் தயாராக இருந்த வாசகங்களைத்தான் அடிக்குறிப்பாகப் போட்டது. 'விற்ற சரக்கு திரும்பப் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது.' 'கெடு தாண்டினால் 24 சதவீத வட்டி.' 'வழக்குகள் சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை.' ஜவுளிக்கடையானாலும் ஃபவுண்டரியானாலும் அடியில் ஒரே வரிகள். அந்த 24 சதவீதத்தை ஒருவர் வாங்கியதை மேடம் பார்த்ததில்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்று அச்சடித்த அதே பில்லின் பேரில் ரிஜெக்ஷன் பொருள் வாராவாரம் திரும்பி வந்தது.

அச்சடித்த வாசகம் அப்போது யாரையும் புண்படுத்தவில்லை. அந்தத் தாளோடு ஓர் ஆள் போனதுதான் காரணம். டிரைவரோ, கலெக்ஷனுக்குப் போகும் பையனோ, சில நாள் முதலாளியோ அதைக் கையில் கொடுத்தார்கள். "சார், முதலாளி வணக்கம் சொல்லச் சொன்னார். அவசரம் இல்ல, பதினஞ்சு தேதிக்கு மேல பாருங்க போதும்" என்ற வாய்ச்சொல் அச்சு எழுத்தின் கடுமையை எடுத்துவிடும். மெயிலோடு யாரும் போவதில்லை. அங்கே எழுத்து மட்டும்தான் பேசுகிறது.

கம்ப்யூட்டர் வந்தபோது அவர் பயப்படவில்லை, மகிழ்ந்தார். 1986-ல் பெங்களூரில் ஒரு தந்தையும் மகனும் தங்கள் சொந்த வியாபாரக் கணக்குக்காகத் தொடங்கிய டேலி, இந்தியச் சிறு தொழிலின் கணக்குப் புத்தகமாகவே ஆகிவிட்டது. மகன் பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியைப் படித்த அன்று, தனக்கே யாரோ மாலை போட்டதுபோல் இருந்தது என்கிறார். 2011-ல் சென்னையிலிருந்து ஜோஹோ புக்ஸ் வந்தது. பேரேட்டில் கூட்டல் தப்பி இரவு எட்டு மணி வரை உட்கார்ந்த நாட்கள் ஒழிந்தன. பில்லை மெயிலில் அனுப்பும் வசதி வந்தது, பிறகு டேலி பிரைம் 4.0-வில் வாட்ஸ்அப் வழியாக அனுப்பவும் வழி பிறந்தது.

சட்டமும் அதே திசையில் தள்ளியது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடிக்கு வந்தபோது கும்மிடிப்பூண்டியின் நடுத்தர யூனிட்டுகள் பலவும் வளையத்துக்குள் வந்துவிட்டன. அரசின் தளத்தில் பதிவாகி, 64 எழுத்து அடையாள எண்ணும் க்யூஆர் குறியும் வாங்கிய பிறகே அது செல்லுபடியாகும் பில். ஆக, பில் போடும் வேலை முழுக்க மென்பொருளுக்குப் போனது. பில்லோடு போகும் கடிதத்தை எழுதும் வேலையும் கூடவே போய்விட்டது. அதை யாரும் தீர்மானித்துக் கொடுக்கவில்லை.

தமிழ்ப் பெயர்தான் முதலில் மாட்டியது. மென்பொருள் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர். நம் ஊரிலோ தகப்பனார் பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். இனிஷியலை முதல் கட்டத்திலும் பெயரை இரண்டாவது கட்டத்திலும் போட்டால், மடல் 'டியர் எம்' என்று தொடங்குகிறது. கம்பெனிப் பெயர் 'ஸ்ரீ' என்று ஆரம்பித்தால் 'டியர் ஸ்ரீ'. லெட்ஜரில் 'மெஸ்ஸர்ஸ்' என்பதன் சுருக்கத்தோடு பெயரை ஏற்றியிருந்தால் வாழ்த்து அந்தச் சுருக்கத்துக்கே போய்ச் சேரும். அறுபது வயதைக் கடந்த ஒரு ஃபவுண்டரி முதலாளி, தன்னை 'எம்' என்று கூப்பிட்ட மெயிலை அச்செடுத்துக்கொண்டு வந்து மேடத்தின் மேஜையில் வைத்தார். "இருபது வருஷமா அண்ணாச்சின்னுதானேம்மா கூப்பிடுவீங்க" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

அடுத்தது ஜாப் ஒர்க். கும்மிடிப்பூண்டியில் பல யூனிட்டுகளின் சோறு இது. பெரிய கம்பெனி தன் பொருளை அனுப்பும். இவர்கள் கடைந்து, துளையிட்டு, முலாம் பூசித் திருப்பி அனுப்புவார்கள். பொருள் டெலிவரி சலானில் வரும், டெலிவரி சலானில் போகும். வேலைக்கூலிக்கு மட்டும் பில். ஒரு மென்பொருளில் சலானை மெயில் செய்தால், 'எங்களிடம் வாங்கியதற்கு நன்றி' என்று வாசகம் போனது. வாங்கியது என்ன? அவர்களுடைய சொந்தப் பொருள் அவர்களுக்கே திரும்பியிருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த பையன் இதை விற்பனை என்று எடுத்துக்கொண்டு, பில் எங்கே, பி.ஓ. எங்கே என்று வண்டியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். டிரைவர் நாலு மணி நேரம் வெயிலில் நின்றார்.

ரிஜெக்ஷன் வந்தால் இன்னும் சங்கடம். வார்ப்பில் ஊசித்துளை விழுந்து நூறு உருப்படி திரும்பி வருகிறது. அதற்குக் கிரெடிட் நோட் போட வேண்டும். கிரெடிட் நோட்டுக்கும் பில்லுக்கும் ஒரே வாசகத்தை வைத்திருந்த மென்பொருள், 'உங்களோடு வியாபாரம் செய்வதில் மகிழ்ச்சி' என்று எழுதியது. தன் லைன் இரண்டு மணி நேரம் நின்ற ஆத்திரத்தில் இருக்கும் குவாலிட்டி இன்ஜினீயருக்கு அந்த வரி எப்படிப் பட்டிருக்கும்? அந்த இடத்தில் மேடம் இப்போது மூன்றே விஷயங்களை எழுதுகிறார்: எத்தனை உருப்படி திரும்ப வந்தது, என்ன குறை, மாற்றுப் பொருள் எந்தத் தேதியில் வரும்.

டி.டி.எஸ். (பணம் தருகிறவரே பிடித்துக் கட்டும் வரி) விவகாரம் வேறு ரகம். பிரைவேட் லிமிடெட் யூனிட்டின் வேலைக்கூலி ரூ.50,000 என்றால் ஒப்பந்த வேலைக்கான வரியாக 2 சதவீதம், அதாவது ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மேல் பிடித்தம் கிடையாது என்று 2017 ஜூலையிலேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பார்ட்டி செய்தது முழுக்கச் சரி. அந்த ஆயிரம் ரூபாய் அரசுக்குப் போய், யூனிட்டின் வரிக் கணக்கில் வரவாகிவிடும். ஆனால் அந்த வரவை உடனே வவுச்சர் போட்டுச் சரிக்கட்டாவிட்டால், மென்பொருளின் கண்ணில் அது பாக்கி. பத்து நாளுக்கு ஒருமுறை 'உங்கள் பாக்கி ரூ.1,000' என்று மெயில் போகும். தொகையைச் சரியாகக் கட்டிவிட்ட ஒருவரை, கட்டாதவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் மெயில் அது. அடியில் 'ஏற்கெனவே செலுத்தியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்' என்று ஒரு வரி இருக்கும். கணக்கைச் சரிபார்த்துவிட்டு அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு, அதைக் கட்டியவர் தலையில் சுமத்தக்கூடாது என்பது மேடத்தின் உறுதியான கட்சி.

தேதியும் காற்புள்ளியும்கூட ஆளைக் குழப்பியிருக்கின்றன. அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். 04/05 என்பது ஏப்ரல் ஐந்தா, மே நாலா? பன்னிரண்டு லட்சத்துச் சொச்சத்தை 1,234,567 என்று மில்லியன் கணக்கில் பிரித்துப் போட்டால், நம் ஊர் கேஷியரின் கண் ஒரு நொடி தடுமாறும். நாடு, மொழி, தேதி என்ற மூன்று அமைப்புகளை முதல் நாளே மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

ஒரு யூனிட்டில், சின்ன பார்ட்டிகளுக்குத் தமிழிலேயே அனுப்பலாம் என்று யோசனை வந்தது. பழைய இரும்பு போடுகிறவர்கள், லேத் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் அது நல்லதுதானே என்று மேடமும் ஆர்வமாக இருந்தார். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பி ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டினார். 'இன்வாய்ஸ்' என்ற சொல் 'விலைப்பட்டியல்' ஆகியிருந்தது.

விலைப்பட்டியல் என்றால் நம் ஊரில் என்ன? எந்தப் பொருள் என்ன விலை என்று கடைக்காரர் தரும் பட்டியல். 'உங்கள் விலைப்பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்று படித்த லேத் பட்டறைக்காரர், புதிய ரேட் அனுப்பியிருக்கிறார்கள், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பணம் வரவில்லையே என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டபோதுதான், அது பில் என்றே அவருக்குத் தெரியவந்தது. தொழில் செய்கிற தமிழர் நாள் முழுக்கச் சொல்லும் சொல் 'பில்'. பாக்கி, வரவு, பற்று, கெடு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்குக்கென்றே நல்ல தமிழ்ச் சொற்களும் இருக்கின்றன. இந்த இரண்டையும் விட்டுவிட்டு, யாரும் பேசாத ஒரு தமிழை மெயிலில் போட்டால், அது தமிழ் தெரிந்தவரையும் தமிழ் தெரியாதவர் ஆக்கிவிடுகிறது.

மேடம் இன்றும் குரல் தாழ்த்திச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. காக்களூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறை. ஒரே ஆள் முதலாளியாக இருக்கும் தொழில் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவும் அவருடைய பான் எண்ணில், லெட்ஜரில் இருந்ததும் அவருடைய பெயர். அவர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். அந்தப் பட்டறை பாக்கி வைத்திருந்த யூனிட்டின் முதலாளியும் மேடமும் துக்கத்துக்குப் போய் வந்தார்கள். பாக்கித் தொகையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரியம் நடந்த அன்று காலை, இறந்தவரின் பெயரைச் சொல்லி, 'நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்' என்று தொடங்கி, பாக்கியை நினைவூட்டும் மெயில் போயிற்று. அப்பாவின் போன் அப்போது மகன் கையில் இருந்தது.

மகன் சண்டைக்கு வரவில்லை. அடுத்த வாரம் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு, "கணக்க முடிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். மகன் தன் பேரில் புதுப் பதிவு எடுத்து, மிச்சமிருந்த உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 படிவம் வழியாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகு அப்பாவின் பதிவை ரத்து செய்ய வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அப்போது அதில் உதவி தேவைப்பட்டது. உதவ மேடம் தயாராக இருந்தார். அவர்கள் வேறொருவரிடம் போனார்கள். அந்த மெயில் போனது தெரிந்த அன்று மாலை மேடம் செய்த முதல் வேலை, தான் பார்க்கும் எல்லா யூனிட்டுகளிலும் தானியங்கி நினைவூட்டலை நிறுத்தியது. நினைவூட்டல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யாருக்குப் போகிறது என்று ஒரு மனிதக் கண் பார்த்த பிறகு போகட்டும் என்கிறார்.

இதெல்லாம் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமே என்று நினைத்துவிடக்கூடாது. பணமும் சட்டமும் இந்த நாலு வரியில் இருக்கின்றன.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் 15-வது பிரிவுப்படி, பதிவு பெற்ற குறு, சிறு யூனிட்டிடம் பொருள் வாங்கியவர் பேசிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024-ல் அந்த விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு என்றால் 20.25. பொருள் போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்ளப்படும்.

ஆக, பொருள் சேர்ந்த தேதிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 'வியாபாரத்துக்கு நன்றி' என்ற மெயிலில் அந்தத் தேதி இருக்காது. நாளைக்கு ஒரு தாவா என்று வந்து, அந்தச் சட்டப்படி அமைந்த வசூலுக்கான கவுன்சிலில் காகிதங்களை அடுக்கும்போது, அன்றே அனுப்பிய ஒரு மெயிலில் சலான் எண்ணும் தேதியும் கெடுவும் இருந்தால் அது யூனிட்டின் பக்கம் நிற்கும். கெடு 45 நாள் என்று பி.ஓ. சொல்ல, மெயில் 'உடனே' என்று சொன்னால், எதிர்த்தரப்பு கையில் எடுப்பதே அந்த முரண்பாட்டைத்தான்.

2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தபோது பெரிய கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. குறு, சிறு யூனிட்டுகளுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்பது அதன் சாரம். 2024 தொடக்கத்தில், உங்கள் உத்யம் (குறு, சிறு தொழில் பதிவு) எண் என்ன என்று கேட்டு மேடத்துக்குப் போன் மேல் போன். அன்றிலிருந்து பெரிய கம்பெனிகளுக்குப் போகும் எல்லா மெயிலிலும் உத்யம் எண் ஒரு வரியாக இடம்பிடித்தது.

மோசடிப் பயமும் இருக்கிறது. இல்லாத பில்லுக்குப் பணம் கேட்டும், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொல்லியும் வரும் போலி மெயில்கள் பெருகிவிட்டதால், தெரியாத இணைப்பை அழுத்தாதீர்கள் என்று பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குப் பாடம் நடத்துகின்றன. 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, உங்கள் பில்லைப் பார்க்க இங்கே அழுத்தவும்' என்று மட்டும் சொல்லும் மெயிலுக்கும் போலி மெயிலுக்கும் என்ன வித்தியாசம்? அது குப்பைக்குப் போவதில் ஆச்சரியமே இல்லை. பி.ஓ. எண்ணைச் சொல்வது, நான் உண்மையான ஆள் என்று காட்டும் அடையாளம்.

பில்லின் அடியில் தானாக வரும் இன்னொரு வாசகத்தையும் மேடம் விடுவதில்லை: 'கம்ப்யூட்டரில் தயாரானது, கையெழுத்து தேவையில்லை.' தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மின்வடிவில் வழங்கப்படும் பில்லுக்குக் கையெழுத்து வேண்டாம் என்று 2018 டிசம்பர் 31-ல் ஜி.எஸ்.டி. விதி திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் வண்டியோடு போகும் காகிதப் பிரதியையும் அந்த வரி காப்பாற்றும் என்று இருந்துவிடக்கூடாது. கேட்டில் உள்ளவர் சீலும் கையெழுத்தும் கேட்பார், கேட்பது நியாயம். வண்டியோடு போகும் பிரதியில் அந்த வரியை எடுத்துவிட்டு, கையெழுத்துக்கு இடம் விடுகிறார்.

தான் எழுதும் மெயிலுக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. எதிர்ப்பக்கம் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண் இதைப் படித்துவிட்டு, யாருக்கும் போன் பண்ணாமல் பில்லைப் பாஸ் பண்ண முடிய வேண்டும். தமிழில் அனுப்பும் பார்ட்டிகளுக்கு அது இப்படிப் போகிறது:

"வணக்கம். உங்கள் பி.ஓ. 2291-க்கான 200 பிராக்கெட் இன்று, 10 ஜூன் 2024, எங்கள் வண்டியில் வந்து சேர்ந்தது. டெலிவரி சலான் எண் 88. பில் எண் 417 இத்துடன் உள்ளது. தொகை ரூ.1,18,000 (பொருள் 1,00,000, ஜி.எஸ்.டி. 18,000). பேசியபடி 45 நாள், கெடு 25 ஜூலை 2024. எண்ணிக்கையிலோ தொகையிலோ வேறுபாடு இருந்தால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள், கணக்குப் பகுதியில் நான் பேசுவேன். எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரில் வருவோம்."

மெயிலின் தலைப்பில் பில் எண், பி.ஓ. எண், தொகை. பில் பி.டி.எஃப்.-ஆகக் கூடவே இணைந்திருக்கும், இணைப்பு மட்டும் தருவதில்லை. ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திரா தொடங்கிவிடுகிறது. ஸ்ரீசிட்டிக்கு அனுப்பும் பொருள் அரை மணி நேரப் பயணம்தான் என்றாலும் அது வெளிமாநில வியாபாரம், ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் தேவைப்படும் இ-வே பில், அங்கே 50,000-க்கு மேலேயே தேவை. அதனால் ஸ்ரீசிட்டி பார்ட்டிகளுக்கான மெயிலில் இ-வே பில் எண்ணும் ஒரு வரி. பணம் வந்தால் அன்றே ரசீது மெயில், அதில் டி.டி.எஸ். எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கோடு. நன்றி என்ற சொல் அதில்தான் வருகிறது, பணம் வந்த பிறகு.

நினைவூட்டலையும் அவரே எழுதினார். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் போவது, 'பில் உங்கள் பக்கம் பாஸ் ஆகிவிட்டதா, ஏதாவது காகிதம் குறைகிறதா' என்று கேட்கிறது. பெரும்பாலும் ஏதாவது குறைந்துதான் இருக்கும். ஜி.ஆர்.என். (பொருள் வரவுப் பதிவு) போடவில்லை, டெஸ்ட் சர்டிபிகேட் வரவில்லை என்று பதில் வருகிறது, அன்றே சரியாகிறது. கெடு தாண்டிய பிறகு மெயில் இல்லை, போன்தான். போனில் பேசியதை அன்றைய தேதியோடு ஒரு வரி மெயிலாகப் பதிந்துவிடுகிறார்.

இந்த மாற்றங்களைச் செய்ய அவருக்கு ஆனது ஒரு சனிக்கிழமை மதியம்தான். ஒரு ரூபாய் செலவில்லை. அவர் கைவைத்த மென்பொருள் ஒவ்வொன்றிலும் மெயில் வாசகத்தைத் திருத்துவதற்கான பக்கம் இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவே. மென்பொருள் எழுதியவர்கள் உலகம் முழுவதற்கும் பொருந்த ஒரு வாசகத்தைப் போட்டுத் தந்திருக்கிறார்கள். சிட்கோவில் பக்கத்து ஷெட்காரருக்கு என்ன எழுத வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும்.

அந்த பர்ச்சேஸ் மேனேஜர் இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அங்கிருந்தும் அந்த யூனிட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறார். முதல் பி.ஓ. அனுப்பும்போது அவர் மேடத்திடம் கேட்டது ஒன்றுதான்: "மெயில் நீங்கதானே எழுதுறீங்க?"

சிறு தொழில் நடத்துகிறவர்களிடம் மேடம் கேட்டுக்கொள்வதும் ஒன்றுதான். மென்பொருளில் சோதனைக்கென்று ஒரு தனிக் கம்பெனியைத் திறந்துகொள்ளுங்கள். நிஜமான பில் வரிசை எண்ணைத் தொட வேண்டாம். அதில் உங்களையே பார்ட்டியாகச் சேர்த்து, உங்கள் மெயிலுக்கே ஒரு பில், ஒரு சலான், ஒரு கிரெடிட் நோட், ஒரு நினைவூட்டல் என நான்கையும் அனுப்புங்கள். வந்ததை உங்கள் போனில் திறந்து, வாய்விட்டுப் படியுங்கள். எதிரில் உங்கள் பழைய பார்ட்டி உட்கார்ந்திருந்தால் எந்த வரியைச் சொல்ல உங்களுக்கு வாய் வராதோ, அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.